சாண்ட்விச் டிகிரி: நடுவில் இருப்பதை வைப்பது யார்?

போன மாதம் சித்தப்பா பையன் வாட்ஸ்அப்பில் ஒரு பிடிஎஃப் அனுப்பினான். அவன் பெண் பிளஸ் டூ படிக்கிறாள். இங்கிலாந்துப் பல்கலைக்கழகம் ஒன்றின் பிசினஸ் மேனேஜ்மென்ட் ஆனர்ஸ் படிப்பு. மொத்தம் நாலு வருஷம். முதல் இரண்டு வருஷம் வகுப்பு, மூன்றாவது வருஷம் முழுக்க ஒரு கம்பெனியில் வேலை, நாலாவது வருஷம் மறுபடி வகுப்பு. "அண்ணா, படிக்கும்போதே ஒரு வருஷ எக்ஸ்பீரியன்ஸ் கிடைக்குது, சம்பளமும் உண்டாம். நல்லதுதானே? பார்த்துச் சொல்லுங்க" என்று கீழே ஒரு வரி. வீட்டுப் பத்திரத்தை பேங்கில் வைத்துக் கடன் வாங்கப்போகிறவன் கேட்கிற கேள்வி. சும்மா "நல்லதுதான்பா"ன்னு சொல்லிவிட முடியவில்லை. ராத்திரி நேரங்களில் தோண்ட ஆரம்பித்தேன். மூன்று வாரம் ஆகிவிட்டது. தோண்டியதில் கிடைத்தவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

அந்த பிடிஎஃப்பில் பெரிய எழுத்தில் இருந்த வாதம் இதுதான்: பிளேஸ்மென்ட் வருடம் முடித்த மாணவர்கள் மற்றவர்களைவிட அதிக மதிப்பெண் வாங்குகிறார்கள், சீக்கிரம் வேலைக்குப் போகிறார்கள், கூடுதல் சம்பளம் வாங்குகிறார்கள். இந்த ஒரு பல்கலைக்கழகம் மட்டும் சொல்வதில்லை. இப்படிப் படிப்பு நடத்தும் கிட்டத்தட்ட எல்லோரும் ஏதோ ஒரு வடிவத்தில் இதையே சொல்கிறார்கள். இதில் பொய் இருப்பதாக நான் நினைக்கவில்லை. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள இந்தப் படிப்பு எப்படிப் பிறந்தது என்று பார்க்க வேண்டும்.

வகுப்பு, வேலை, மறுபடி வகுப்பு என்று மாறி மாறி வருவதால் பிரிட்டனில் இதற்கு சாண்ட்விச் கோர்ஸ் என்று பெயர். ஆறாறு மாதமாகப் பிரித்தால் மெல்லிய சாண்ட்விச், ஒரு வருடம் மொத்தமாக வைத்தால் தடித்த சாண்ட்விச். நிஜமாகவே அதிகாரபூர்வ ஆவணங்களில் இப்படித்தான் எழுதுகிறார்கள். 1903-லேயே கப்பல் கட்டும் ஊரான சண்டர்லாந்தின் டெக்னிகல் காலேஜில் பொறியியல் மாணவர்களுக்கு இந்த ஏற்பாடு இருந்தது. அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் 1906-ல் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர் என்ற பேராசிரியர் 27 மாணவர்களோடு 'கோ-ஆப்' என்ற பெயரில் தொடங்கினார். மாணவர்களை இரண்டு பிரிவாக்கினார். ஒரு பிரிவு வகுப்பில் இருக்கும்போது இன்னொரு பிரிவு தொழிற்சாலையில். வாரா வாரம் இடம் மாறிக்கொள்வார்கள். வேலைக்குக் கூலி உண்டு.

ஷ்னைடருக்கு இந்த யோசனை எப்படி வந்தது என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அதற்கு முன்பு அவர் பென்சில்வேனியாவில் லீஹை பல்கலைக்கழகத்தில் இருந்தார். பக்கத்திலேயே பெரிய இரும்பாலை. படித்து முடித்துப் பேர் வாங்கிய மாணவர்களைக் கவனித்தபோது, அவர்களில் பலர் படிக்கும் காலத்திலேயே எங்காவது வேலை பார்த்துச் சம்பாதித்தவர்கள் என்று அவருக்குத் தெரிந்தது. அப்படியானால் வேலை அனுபவம்தான் அவர்களைச் சிறந்த இன்ஜினியர்கள் ஆக்கியது என்று முடிவு கட்டினார். முடிவு சரியாகவே இருக்கலாம். ஆனால் படித்துக்கொண்டே வேலையும் பார்த்துச் சமாளிக்கிற திராணி உள்ள பையன், அந்த வேலைக்கே போயிருக்காவிட்டாலும் பின்னாளில் மேலே வந்திருப்பானோ? இந்தக் கேள்விக்கு அவருடைய கவனிப்பில் பதில் இல்லை. நூற்றிருபது வருஷம் கழித்து என் போனுக்கு வந்த பிடிஎஃப்பிலும் அதே ஓட்டைதான்.

பிரிட்டனுக்குத் திரும்புவோம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அங்கே தொழில்நுட்பம் தெரிந்தவர்களுக்குப் பஞ்சம். டெக்னிகல் காலேஜ்களுக்குப் பட்டம் தரும் உரிமை கிடையாது. அதனால் 1955-ல் ஒரு தேசிய கவுன்சில் அமைத்து, 'டிப்ளமா இன் டெக்னாலஜி' என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். தலைவர் ரோல்ஸ் ராய்ஸின் ஹைவ்ஸ் பிரபு. பெயரில்தான் டிப்ளமா, தரத்தில் ஆனர்ஸ் டிகிரிக்குச் சமம். தொழிற்சாலைப் பயிற்சி கட்டாயம். இங்கே 'ஆனர்ஸ்' என்ற சொல்லுக்கு ஒரு கனம் இருந்தது. பட்டறையில் கையில் எண்ணெய் படிய வேலை செய்தவனும் ஆக்ஸ்போர்டுக்காரனுக்குச் சமம் என்று அரசாங்கம் சொல்கிற சொல் அது. இன்று பிரிட்டனில் பட்டப்படிப்பு முடிப்பவர்களில் மிகப் பெரும்பாலானோர் ஆனர்ஸோடுதான் முடிக்கிறார்கள். நம் ஊர்ப் பெற்றோர் அந்தச் சொல்லைப் பார்த்து ஏதோ விசேஷம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஒரு விசேஷமும் இல்லை.

பிசினஸ் படிப்பு இந்த வண்டியில் ஏறியது 1964-ல். கிரிக் கமிட்டி என்று ஒரு குழு, வணிகப் படிப்புக்கும் இதே மாதிரி சாண்ட்விச் வடிவில், ஆனர்ஸ் தரத்தில் ஒரு பட்டம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதே ஆண்டு, பல்கலைக்கழகம் அல்லாத கல்லூரிகளுக்கும் பட்டம் வழங்க சிஎன்ஏஏ என்ற தேசிய கவுன்சில் வந்தது. பிறகு பாலிடெக்னிக்குகள் உருவானபோது, அவற்றின் அடையாளப் படிப்புகளில் ஒன்றாக நாலு வருஷ பி.ஏ. பிசினஸ் ஸ்டடீஸ் ஆனது. (நம்ம ஊர் டிப்ளமா பாலிடெக்னிக்கோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அங்கே அது டிகிரி தரும் கல்லூரி. 1992 சட்டத்துக்குப் பிறகு அவை எல்லாம் பல்கலைக்கழகம் என்று போர்டை மாற்றிக்கொண்டன.)

இப்போது என் கேள்வி. இந்த எழுபது வருஷத்தில் வடிவம் மாறவில்லை: மேலே ரொட்டி, கீழே ரொட்டி, நடுவில் வேலை. ஆனால் நடுவில் வைக்க வேண்டியதைக் கொண்டுவருவது யார் பொறுப்பு?

டிப்ளமா இன் டெக்னாலஜி தொடங்கியபோது மாணவர்களில் பெரும் பகுதியினர் 'தொழிற்சாலை சார்ந்தவர்கள்'. அதாவது முதலில் கம்பெனி வேலைக்கு எடுத்துக்கொள்ளும், பிறகு சம்பளமும் கொடுத்துக் கல்லூரிக்கு அனுப்பும். பயிற்சிக்கு இடம் கிடைக்குமா என்ற கேள்வியே எழாது. கூடவே 'கல்லூரி சார்ந்தவர்கள்' என்று இன்னொரு வகையும் இருந்தது. இவர்கள் நேராகக் கல்லூரியில் சேர்ந்தவர்கள். இவர்களுக்குப் பயிற்சி இடத்தைக் கல்லூரிதான் தேட வேண்டும். காலப்போக்கில் முதல் வகை தேய்ந்து, இரண்டாவது வகை வளர்ந்தது. பிசினஸ் படிப்பில் பெரும்பாலும் இரண்டாவது வகைதான். ஆனாலும் பாலிடெக்னிக் காலத்தில் பிளேஸ்மென்ட் டியூட்டர் என்று ஒருவர் இருப்பார். உள்ளூர் கம்பெனிகளை அவருக்குத் தெரியும். மாணவனுக்கு இடம் வாங்கித் தருவது அவர் வேலை. 1980-களின் தொடக்கத்தில் தொழிற்சாலைகள் வரிசையாக மூடியபோது இந்த ஆட்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை.

இன்று? இரண்டாம் ஆண்டு தொடங்கியதுமே மாணவன் தானாக விண்ணப்பிக்க ஆரம்பிக்க வேண்டும். சிவி, ஆன்லைன் ஆப்டிட்யூட் டெஸ்ட், கேமராவைப் பார்த்துப் பேசும் இன்டர்வியூ, அப்புறம் ஒரு நாள் முழுக்க அசெஸ்மென்ட் சென்டர். ஒரு முழுநேர வேலைக்கு என்னென்ன உண்டோ அத்தனையும். நாடு முழுக்க இருக்கும் மாணவர்களோடு போட்டி. பல்கலைக்கழகத்தில் கரியர்ஸ் ஆபீஸ் இருக்கும், சிவியைத் திருத்தித் தரும், மாதிரி இன்டர்வியூ நடத்தும். இடம் வாங்கித் தராது. பிடிஎஃப்பின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் 'பிளேஸ்மென்ட் கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை' என்று இருந்தது. கிடைக்காதவர்களைப் பொதுவாக அதே படிப்பின் மூன்று வருஷ வடிவத்துக்கு மாற்றிவிடுவார்கள்.

பொறுப்பு கம்பெனியிடமிருந்து கல்லூரிக்கும், கல்லூரியிடமிருந்து இருபது வயதுப் பிள்ளைக்கும் கை மாறியிருக்கிறது. படிப்பின் பெயர் மட்டும் அப்படியே இருக்கிறது. என் புகாரின் மையம் இதுதான். மற்ற குறைகள் எல்லாம் இதிலிருந்து கிளைத்தவை.

முதலில் அந்த மதிப்பெண் வாதத்தை எடுத்துக்கொள்வோம். 100 பேர் கொண்ட ஒரு வகுப்பைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். இரண்டாம் ஆண்டு முடிவில் 40 பேரின் சராசரி 65, மற்ற 60 பேரின் சராசரி 55. கம்பெனிகள் இன்டர்வியூ வைத்து எடுக்கிறார்கள். யாரை எடுப்பார்கள்? முக்கால்வாசி அந்த 40-லிருந்துதான். ஒரு வருஷம் கழித்து இறுதியாண்டுத் தேர்வு. பிளேஸ்மென்ட் போனவர்கள் சராசரி அதிகம். அவர்கள் அந்த ஒரு வருஷமும் திண்ணையில் உட்கார்ந்து சீட்டாடிவிட்டு வந்திருந்தாலும் சராசரி அதிகமாகத்தான் இருந்திருக்கும்! பிரிட்டனில் 60-க்கு மேல் வாங்கினால் மேல் இரண்டாம் வகுப்பு, 70-க்கு மேல் முதல் வகுப்பு. இந்தக் கோடுகள் பக்கத்தில் இருக்கும்போது சின்ன வித்தியாசம்கூட விளம்பரத்தில் பெரிசாகத் தெரியும்.

நாங்கள் டேட்டாபேஸில் இந்தத் தப்பை அடிக்கடி செய்வோம். இரண்டு டேபிளை 'இன்னர் ஜாயின்' போட்டு இணைத்தால், இரண்டாவது டேபிளில் இல்லாத ஆட்கள் சத்தமில்லாமல் காணாமல் போய்விடுவார்கள். ரிப்போர்ட் அழகாக வரும், எரர் எதுவும் வராது. ஆறு மாதம் கழித்து யாராவது "மொத்தம் எத்தனை பேர்?"ன்னு கேட்கும்போதுதான் பிடிபடும். இங்கே நாலு வருஷப் படிப்பில் சேர்ந்து, இடம் கிடைக்காமல், மூன்று வருஷப் படிப்புக்கு மாறியவன் எந்தக் கணக்கில் வருகிறான்? 'பிளேஸ்மென்ட் போகாதவர்கள்' கணக்கில். அதாவது இந்தப் படிப்பின் தோல்வி, பக்கத்துப் படிப்பின் சராசரியைக் கீழே இழுத்து, இந்தப் படிப்பை இன்னும் உயர்வாகக் காட்டுகிறது.

ஆராய்ச்சியாளர்களுக்கு இது தெரியாமல் இல்லை. பிளேஸ்மென்டின் பலனை ஆராய்ந்தவர்களில் பலர் போவதற்கு முன்பே மதிப்பெண் வித்தியாசம் இருப்பதைக் கவனித்திருக்கிறார்கள். ஆஸ்டன் பல்கலைக்கழகத்தின் ரெட்டி, மூர்ஸ் இருவரும் 2012-ல் வெளியிட்ட கட்டுரை, முந்தைய மதிப்பெண்களையும் மாணவர் பின்னணியையும் கணக்கில் எடுத்துக்கொண்டு பார்த்தது. அப்படிப் பார்த்த பிறகும் இறுதியாண்டு மதிப்பெண்ணில் ஒரு நன்மை மிஞ்சுவதாகச் சொன்னது. அதை மறைத்துவிட்டு எழுதினால் நானும் அந்த பிடிஎஃப் மாதிரிதான் ஆவேன். பலன் இருக்கிறது. ஆனால் இரண்டாம் ஆண்டு மதிப்பெண்ணைக் கழிக்காமல் நேராக ஒப்பிட்டுக் காட்டும் பலனும், கழித்த பிறகு மிஞ்சும் பலனும் ஒன்றல்ல. கல்விக்கடன் வாங்குகிறவன் பார்க்க வேண்டியது இரண்டாவதை. விளம்பரத்தில் இருப்பது முதலாவது.

கழிக்க முடியாத இன்னொன்றும் உண்டு. ஆர்வம், தைரியம், வீட்டில் ஆபீஸ் வேலை பார்க்கும் ஒருவர் இருப்பது, இன்டர்வியூவில் பேசும் ஆங்கிலத்தின் உச்சரிப்பு. இவை எதற்கும் மார்க் ஷீட்டில் இடம் இல்லை. மதிப்பெண்ணைச் சமன் செய்த பிறகும் இவை சமன் ஆகாது. நம் பெண் போய் நிற்கும்போது அவளுக்கு எதிராக வேலை செய்யப்போவது இவைதான்.

அடுத்தது, இதில் 'ஆனர்ஸ்' எங்கே வருகிறது என்ற விஷயம். பிரிட்டிஷ் ஆனர்ஸ் பட்டத்துக்கு 360 கிரெடிட். வருஷத்துக்கு 120 வீதம் மூன்று வருஷ வகுப்பிலேயே அது நிறைந்துவிடும். வேலை பார்த்த அந்த வருஷம் பல இடங்களில் வெறும் பாஸ், ஃபெயில். ஒரு ரிப்போர்ட் எழுத வேண்டும், 'இதிலிருந்து நான் என்ன கற்றேன்' என்கிற மாதிரி. பட்டத்தின் வகுப்பைத் தீர்மானிப்பதில் அதற்குப் பங்கு இல்லை அல்லது மிகச் சிறியது. சான்றிதழில் பெயருக்குப் பின்னால் 'பிளேஸ்மென்ட் வருடத்துடன்' என்று ஒரு வால் சேரும், அவ்வளவுதான். படிப்பையும் வேலையையும் இணைப்பதாகச் சொல்லும் பட்டம், இணைப்பு நடந்ததா என்று எங்கேயும் அளப்பதில்லை.

ஏன் அளக்க முடியவில்லை? கொஞ்சம் யோசித்தால் காரணம் தெரியும். இறுதியாண்டு வகுப்பறையில் பாதிப்பேர் கம்பெனியிலிருந்து திரும்பியவர்கள், பாதிப்பேர் நேராக இரண்டாம் ஆண்டிலிருந்து வந்தவர்கள். ஆசிரியர் எதை நம்பிப் பாடம் நடத்துவார்? "நீங்கள் பார்த்த கம்பெனியில் சரக்கு இருப்பை எப்படிக் கணக்கிட்டார்கள், ஏன் அந்த முறை?" என்று கேட்டால் பாதி வகுப்பு விழிக்கும். ஆகவே யாருமே எங்கும் போகாதது போலவே பாடத்திட்டத்தை அமைக்க வேண்டியிருக்கிறது. பொறியியலில் பரவாயில்லை, பட்டறையில் பார்த்த இயந்திரம் பாடத்திலும் வரும். பிசினஸில் நிலைமை மோசம். பிளேஸ்மென்டில் அந்தப் பிள்ளை பார்ப்பது ஒரு பெரிய கம்பெனியின் ஒரு மூலை: மார்க்கெட்டிங்கில் எக்செல் ஷீட், எச்ஆரில் இன்டர்வியூ தேதி ஒழுங்கு செய்வது, பர்சேஸில் சப்ளையருக்கு மெயில். பாடத்தில் இருப்பதோ நிறுவனத்தின் உச்சியில் உட்கார்ந்து உத்தி வகுப்பது. இரண்டையும் இணைக்க ஒருவர் கையைப் பிடித்துச் சொல்லித்தர வேண்டும். தானாக நடக்காது.

ஒரு வருஷ வேலையே வீண் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். என் டீமில் இப்படி வந்தவர்களோடு வேலை பார்த்திருக்கிறேன். மீட்டிங்கில் எப்போது பேச வேண்டும், தெரியாததைத் தெரியாது என்று எப்படிச் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்கு முதல் நாளே தெரிந்திருந்தது. எனக்கு அது வர மூன்று வருஷம் ஆனது. நான் பி.இ. படித்தபோது 'இன்-பிளான்ட் ட்ரெய்னிங்' என்று ஒன்று இருந்தது. ஒரு தொழிற்சாலைக்குப் போனோம். சூப்பர்வைசர் முதல் நாளே "தம்பி, எந்தத் தேதி வரைக்கும் சர்டிபிகேட் வேணும்?"னு கேட்டார். இரண்டாம் நாள் போகவில்லை. அதோடு ஒப்பிட்டால் அங்கே இருப்பது பொன். பொன்னுக்கு எவ்வளவு விலை, கையில் கிடைக்குமா என்பதுதான் பேச்சு.

இதே யோசனையை வேறு விதமாகச் செய்தவர்கள் இருக்கிறார்கள். ஜெர்மனியில் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் 1974-ல் ஸ்டுட்கார்ட், மன்ஹைம் நகரங்களில் 'பெருஃப்ஸ்அகாடமி' தொடங்கினார்கள். டைம்லர்-பென்ஸ், போஷ் மாதிரி கம்பெனிகள் முன்னால் நின்ற திட்டம். 2009-ல் அது பல்கலைக்கழகத் தகுதி பெற்று 'டூவாலே ஹோக்ஷூலே' ஆனது. பிசினஸ் அங்கே முக்கியப் பிரிவு. மூன்று மாதம் வகுப்பு, மூன்று மாதம் கம்பெனி, இப்படி மூன்று வருஷம். முக்கிய வித்தியாசம் வாசலில். முதலில் ஒரு கம்பெனியோடு ஒப்பந்தம் போட வேண்டும், அதன் பிறகுதான் கல்லூரியில் சேர முடியும். ஒப்பந்தம் இல்லையென்றால் சேர்க்கையே இல்லை. மூன்று வருஷமும், வகுப்பில் இருக்கும் மாதங்களிலும்கூட, கம்பெனி சம்பளம் தரும். வகுப்பில் இருக்கும் ஒவ்வொருவரும் போன மாதம் ஒரு கம்பெனியில் இருந்தவர் என்பது ஆசிரியருக்குத் தெரியும். பயிற்சிக் காலத்துக்கும் கிரெடிட் உண்டு.

இங்கும் வடிகட்டல் இருக்கிறது. சொல்லப்போனால் இன்னும் கடுமையான வடிகட்டல். ஆனால் அது கட்டணம் கட்டி இரண்டு வருஷம் படித்த பிறகு நடப்பதில்லை, வாசலிலேயே நடந்துவிடுகிறது. உள்ளே வராதவனுக்குக் கடன் இல்லை, ஏமாற்றம் மட்டும்தான். கெட்டதும் உண்டு. பதினெட்டு வயதிலேயே ஒரு கம்பெனியின் கண்ணால் உலகத்தைப் பார்க்கப் பழகிவிடுவார்கள். செமஸ்டர் லீவு என்பது பெரும்பாலும் கிடையாது. ஊர் சுற்றி, கண்டதைப் படித்து, காதலித்து, வீணாக்கிக் கற்றுக்கொள்கிற காலம் அங்கே இல்லை. என் பெண்ணாக இருந்தால் அதை யோசிப்பேன்.

பிரிட்டனுக்குள்ளேயே இந்த மாதிரி முயற்சிகள் இருக்கின்றன. நியூகாசில் பல்கலைக்கழகத்தில் பிடபிள்யூசி நிறுவனத்தோடு சேர்ந்து நடத்தும் பிசினஸ் அக்கவுண்டிங் படிப்பு ஒன்று. நாலு வருஷ ஆனர்ஸ். சம்பளத்தோடு பிளேஸ்மென்ட் அந்த நிறுவனத்திலேயே. பட்டயக் கணக்காளர் பயிற்சிக் காலத்திலும் அது கழியும். பாடமும் வேலையும் தேர்வும் ஒரே கோட்டில் நிற்கின்றன. 2015-ல் வந்த டிகிரி அப்ரென்டிஸ்ஷிப் இன்னும் ஒரு படி மேலே. 'சார்ட்டர்ட் மேனேஜர்' என்ற அதன் மேலாண்மைப் பிரிவில் மாணவர் முதல் நாளிலிருந்து ஊழியர். கல்லூரிக் கட்டணம் அவர் தலையில் விழாது, 2017-லிருந்து பெரிய கம்பெனிகளிடம் வசூலிக்கும் பயிற்சி வரியிலிருந்து போகிறது. 1950-களின் 'தொழிற்சாலை சார்ந்த' மாணவன் அறுபது வருஷம் கழித்துப் புதுச் சட்டை போட்டுக்கொண்டு திரும்பி வந்திருக்கிறான். ஆனால் அங்கேயே சில வருஷம் குடியிருந்தவர்களுக்குத்தான் அந்த நிதி. ஸ்டூடன்ட் விசாவில் போகிற நம் பிள்ளைகளுக்கு இல்லை. அவர்களுக்கு மிஞ்சுவது பிடிஎஃப்பில் இருந்த வகைதான்.

பணத்தைப் பற்றி இரண்டு விஷயம். இங்கிலாந்தில் உள்நாட்டு மாணவருக்கு 2025-26-ல் வருஷக் கட்டண உச்சவரம்பு 9,535 பவுண்டு. பிளேஸ்மென்ட் வருடத்தில் கல்லூரிக்கே போகாவிட்டாலும் அதில் ஐந்தில் ஒரு பங்கு, 1,905 பவுண்டு வரை, வாங்கலாம். வெளிநாட்டு மாணவருக்கு உச்சவரம்பே இல்லை, பல்கலைக்கழகம் வைத்ததுதான் விலை. பிளேஸ்மென்ட் டியூட்டர் இடம் தேடித் தந்த காலத்தில் இந்தக் கட்டணத்துக்கு ஒரு அர்த்தம் இருந்திருக்கும். இப்போது ஒரு தடவை நேரில் வந்து பார்ப்பது, சில மெயில், ஒரு ரிப்போர்ட் திருத்துவது. இதற்கு அது அதிகம் என்பது என் அபிப்பிராயம்.

இரண்டாவது விஷயம் என்னைத் திடுக்கிட வைத்தது. பிரிட்டனில் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் இருக்கிறது. ஆனால் அங்குள்ள பட்டப்படிப்பின் பகுதியாக ஒரு வருடத்துக்கு மேற்படாமல் வேலை பார்க்கும் மாணவருக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. ஒரே ஆபீஸில் ஒரே வேலையை, படிப்பை முடித்துவிட்டு வந்து செய்தால் சட்டப்படி கூலி, படிப்பின் நடுவில் செய்தால் கொடுப்பதைக் கொடுக்கலாம். பெரிய கம்பெனிகள் நன்றாகவே தருகின்றன, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கடைசி வரைக்கும் இடம் கிடைக்காமல் தவிக்கிற பிள்ளைக்கு எது வந்தாலும் பிடித்துக்கொள்ளத் தோன்றும். சிறிய ஊடக, ஃபேஷன், ஈவென்ட் நிறுவனங்கள் பக்கம் தள்ளப்படுவது இந்தப் பிள்ளைகள்தான். "சம்பளமும் உண்டாம்" என்று என் தம்பி எழுதியிருந்தானே, அந்த 'உண்டாம்' சட்டத்தில் இல்லை.

விசாவும் இதில் சேர்ந்துகொள்கிறது. வேலை படிப்பின் மதிப்பிடப்படும் பகுதியாக இருந்தால்தான் ஸ்டூடன்ட் விசாவில் அந்த வருஷத்துக்கு இடம் உண்டு. பிளேஸ்மென்ட் கிடைக்காமல் மூன்று வருஷப் படிப்புக்கு மாறினால் பல்கலைக்கழகம் அதை உள்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும், விசாக் காலமும் சுருங்கலாம். நாலு வருஷத்துக்கு என்று போட்ட வீட்டுக் கணக்கு மாறிவிடும். அந்த ஒரு வருஷச் சம்பளத்தில் கடனில் கொஞ்சம் அடைக்கலாம் என்று நினைத்தவனுக்கு அது இரட்டை அடி.

நம்ம ஊரில் இது தெரியாத விஷயம் இல்லை. கோயம்புத்தூர் பிஎஸ்ஜி டெக்கில் ஐந்து வருஷ சாண்ட்விச் பி.இ. ரொம்ப காலமாக இருக்கிறது. கவுன்சலிங்கில் "சாண்ட்விச்சா? அது என்னங்க?" என்று விழித்த பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். அங்கே கல்லூரி வளாகத்திலேயே பம்பும் மோட்டாரும் தயாரிக்கிற பிஎஸ்ஜி இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிட்யூட் நின்றது. நடுவில் வைக்க வேண்டியது வீட்டிலேயே இருந்தது என்று சொல்லலாம். இப்போது யுஜிசி 2025-ல் கலை, வணிகப் பட்டப்படிப்புகளுக்கும் அப்ரென்டிஸ்ஷிப் சேர்க்க வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. பி.காம். கல்லூரிகள் இதை எடுத்துச் செய்யும்போது கம்பெனியைத் தேடும் பொறுப்பு யாரிடம் வந்து நிற்கும் என்று கவனிக்க வேண்டும். அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

தம்பியிடம் போனில் இவ்வளவையும் சொன்னேன். "அப்போ வேண்டாங்கறீங்களா?" என்றான். வேண்டாம் என்று சொல்லவில்லை. பிள்ளை கெட்டிக்காரி, இரண்டாம் வருஷம் போட்டி போடத் தயார் என்றால் நல்ல படிப்புதான். ஆனால் பணம் கட்டுவதற்கு முன்னால் அந்தப் பல்கலைக்கழகத்திடம் ஒரே ஒரு எண்ணைக் கேட்டு வாங்கு என்றேன்: கடந்த மூன்று ஆண்டுகளில் இந்த நாலு வருஷப் படிப்பில் முதலாண்டு சேர்ந்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் பிளேஸ்மென்ட் உண்மையிலேயே போனவர்கள் எத்தனை பேர், அதில் வெளிநாட்டு மாணவர்கள் எத்தனை பேர். (எண்ணிப் பார்த்தால் மூன்று எண், சரி.)

பெண்ணே மெயில் எழுதினாள். நான் எழுதியிருந்தால் நீளமாகப் போயிருக்கும், அவள் நாலு வரியில் முடித்திருந்தாள். ஐந்து நாளில் பதில் வந்தது. மிகவும் மரியாதையான பதில். பிளேஸ்மென்ட் முடித்த மாணவர்களில் எத்தனை சதவீதம் பேருக்கு நல்ல வேலை கிடைத்தது என்று அதில் இருந்தது. கூடவே அந்த பிடிஎஃப் மறுபடியும்.

அவள் கேள்வியை மாற்றாமல் இரண்டாவது மெயில் அனுப்பியிருக்கிறாள். யூகாஸ் கெடு ஜனவரி நடுவில்.